குளிமுறியில் எட்டுக்காலி: பயத்தைக் குறைக்க வீட்டிலேயே என்ன செய்யலாம்?

அருமனைக்காரி (கேள்வி)

அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள் பழைய ஓட்டு வீடு. இடவப்பாதி மழை தொடங்கினால் எட்டுக்காலி (சிலந்தி) உள்ளே வந்துவிடும். கூரை மூலையில் நூல் மாதிரி காலோடு தொங்குபவை நிறைய. குளிமுறிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, அது வலை கட்டுவதில்லை. அதைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. இரவு பத்து மணிக்கு மேல் தனியாகக் குளிமுறிக்குப் போவதில்லை. ஒரு வருஷமாக இதே நிலை. இப்போது ஐந்து வயது மகளும் பார்த்தவுடன் கத்துகிறாள்.

அது விஷமுள்ளதா? உள்ளே வராமல் செய்ய வழி உண்டா? பயத்துக்கு மாத்திரை எடுக்க வேண்டுமா, வீட்டிலேயே பழகிச் சரிசெய்ய முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

காட்டோரம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வலை இல்லாமல் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்தால் அது வேட்டைச் சிலந்தியாகத்தான் இருக்கும். ஹெட்டெரோபோடா வெனடோரியா என்பது அறிவியல் பெயர். உடம்பு சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வரும், அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. கால்கள் நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும், கண்களுக்குக் கீழே முகத்தில் வெளிறிய பட்டை ஒன்று ஓடும். பகலில் காலண்டருக்குப் பின்னாலும் கதவு நிலை இடுக்கிலும் கிடக்கும். இரவில் கரப்பானைத் தேடி இறங்கும். குளிமுறியை அது விரும்புவது சாக்கடைக் குழாய் வழியே வரும் கரப்பானுக்காக.

கடிக்குமா என்றால், துணிக்குள் மாட்டி நசுங்கினாலோ, முட்டைப் பையைச் சுமக்கும் தாயைக் கையால் தொட்டாலோ கடிக்கலாம். வயிற்றுக்கு அடியில் வெள்ளைக் காசு மாதிரி தட்டையாக ஒன்று தெரிந்தால் அது முட்டைப் பை, அந்த நேரத்தில் சீண்ட வேண்டாம். கடித்த இடம் வலிக்கும், வீங்கும். ஆரோக்கியமான ஆளுக்கு உயிராபத்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வையுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்து வைத்தால் பரவுகிறதா என்று தெரிந்துவிடும். பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"என்னை நோக்கி ஓடி வருகிறது" என்று எல்லாரும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது அதிர்வையும் காற்றசைவையும் உணர்ந்து, கிட்டத்தில் இருக்கும் இருட்டு இடுக்குக்குள் பாயும். அந்த இடுக்குக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் நின்றால் துரத்துவது போலத் தோன்றும். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள், வேறு பக்கம்தான் போகும்.

கூரை மூலையில் தொங்குபவை ஒட்டடைச் சிலந்திகள். ஊதினால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். அது மிரட்டல் இல்லை, எதிரிக்குத் தன் உருவம் தெளிவாகத் தெரியாமல் இருக்கச் செய்வது. மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சன்னல் சட்டத்தில் துள்ளி, திரும்பி உங்களைப் பார்ப்பது குதிக்கும் சிலந்தி, விரல் நக அளவுகூட இருக்காது. பயம் போக்கத் தொடங்க அதைவிட நல்ல சிலந்தி கிடையாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி காட்டோரம் இருப்பவர்கள் மரப்பொந்தில் தடித்த, ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியைக் கண்டால் தொடக் கூடாது. பொய்சிலோதீரியா இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், அதற்கு ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, "எட்டுக்காலி மூத்திரம் பட்டு கொப்புளம்" என்ற பேச்சு. சிலந்தி அப்படிச் செய்வதில்லை. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான சிறு வண்டு ஒன்று, பீடரஸ் என்பார்கள். உறக்கத்தில் அதைத் தோலில் நசுக்கினால் ஒரு நாள் கழித்து கோடு போட்டது போல எரியும் கொப்புளம் வரும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கி. அக்கிக்கு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. சிலந்தி விஷம் என்று ஓதிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

ஆற்றுக்கரை (மனநலச் செவிலியர்)

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதைப் பயக்கோளாறு என்போம். ஒரு வருஷமாக ராத்திரி குளிமுறிக்குப் போகாமல் இருப்பது அந்த வரையறைக்குள் வருகிறது. ஆனால் மனநல மருத்துவத்தில் மிக நன்றாகச் சரியாகும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. 1989இல் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமர்வில், சராசரியாகச் சுமார் இரண்டு மணி நேரத்தில், 20 பேரில் 90 சதவீதம் பேர் வெகுவாகத் தேறினார்கள். கூட நின்று படிப்படியாக அணுக வைத்ததுதான் அங்கே நடந்தது. வீட்டில் தனியாகச் செய்தால் நாள் கூடும், முறை அதேதான்.

பயம் ஏன் வளர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடும்போது உடனே ஆறுதல் கிடைக்கிறது. "ஓடியதால் தப்பித்தேன்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. ஓடாமல் நின்றால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிய வருவதே இல்லை.

ஒரு நோட்டு எடுத்து, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, எளிதிலிருந்து கடினம் வரை 10 அல்லது 12 படி எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு இப்படி வரலாம்: கையால் வரைந்த சிலந்தி, கறுப்பு வெள்ளைப் படம், வண்ணப் படம், அசையும் காணொளி. பிறகு சிலந்தி உரித்த சட்டையை (தோலை) மூடிய கண்ணாடிக் குப்பியில் இட்டு அறையின் மறுகோடியில் வைப்பது, அடுத்து மூன்று மீட்டர், ஒரு மீட்டர், குப்பியைக் கையில் பிடிப்பது. வேட்டைச் சிலந்தி தோலை உரித்துத் தொங்கவிட்டுப் போகும், செத்த சிலந்தி போலவே இருக்கும், சாய்ப்பில் தேடினால் கிடைக்கும். அதன் பிறகு கூரை மூலையில் இருக்கும் ஒட்டடைச் சிலந்திக்குக் கீழே நிற்பது, ஈர்க்குச்சியால் வலையைத் தொடுவது. கடைசியில் குளிமுறி வாசலிலிருந்து சுவரில் இருப்பதைப் பார்ப்பது, உள்ளே போவது, டப்பாவில் பிடிப்பது.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் மனசு சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள்: "மேலே குதிக்கும், 90 சதவீதம் உறுதி." பயிற்சி முடிந்ததும் உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். இந்த இரண்டு வரிதான் மருந்து. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாளாவது. மதிப்பெண் பாதியாக இறங்கும் வரை நின்றால் நல்லது. இறங்காவிட்டாலும் நீங்கள் எதிர்பார்த்த கேடு வரவில்லை என்பது தெளிவாகும் வரை நிற்க வேண்டும். உச்சத்தில் விட்டு ஓடினால் அன்றைக்குப் பயம் இன்னொரு பாடம் படித்துவிடும். நெஞ்சு அடிப்பதால் மயங்கி விழுவோமோ என்று அஞ்ச வேண்டாம். ரத்தம் கண்டு மயங்குகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கும், சிலந்திப் பயத்தில் ஏறத்தான் செய்யும். இதய நோயோ வலிப்போ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

மாத்திரை: அல்பிரசோலம் மாதிரி பதற்றம் குறைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பழகினால், தைரியம் மாத்திரை கணக்கில் போய்விடும், பாடம் மனசில் தங்காது. இந்தப் பயத்துக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். ஏற்கெனவே தினமும் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

விளவங்கோடு தச்சன்

வீட்டு வேலை பற்றி நான் எழுதுகிறேன். ஓட்டுக்கூரையில் எல்லா இடுக்கையும் அடைப்பது நடக்காத காரியம், அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். படுக்கும் அறை, குளிமுறி, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டருக்கு உள்பக்கம் அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடியுங்கள். வெல்க்ரோ பட்டையில் ஒட்டும் வலை மழை ஈரத்தில் ஒரு பருவம்கூடத் தாங்காது, ஓரம் கிளம்பிவிடும். கதவுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும், தட்டை உடம்புக்காரன் நுழைந்துவிடுவான். ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ தரையை லேசாக உரசும்படி திருகி விடுங்கள். கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையை எல்லாரும் மறப்பார்கள். அதை வெள்ளை சிமென்ட் வைத்து அடையுங்கள். தரைச் சாக்கடைக்கு மூடித் திறக்கும் ஜாலி போடுங்கள், இரவில் மூடியே இருக்கட்டும்.

வாசல் விளக்கு வெள்ளை டியூப் என்றால் ஈசலும் வண்டும் அங்கேதான் கூடும், பின்னாலேயே சிலந்தி. 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி மாற்றி, முடிந்தால் வாசலிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் போடுங்கள். விறகும் மட்டையும் சுவரில் சாய்த்து அடுக்காமல் ஒரு மீட்டர் விட்டு அடுக்குங்கள்.

கரப்பானுக்கு ஜெல் மருந்து நல்லது. சமையலறையில் எட்டுப் பத்து இடத்தில், பயறு அளவு ஒவ்வொரு பொட்டு, கீல் ஓரத்திலும் சிலிண்டர் பின்னாலும். பிள்ளைக்கு எட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது, அந்த வாடையில் கரப்பான் ஜெல்லைத் தின்னாது. பூச்சிச் சாக்பீஸ் சிலந்திக்குப் பயன் குறைவு, அது கால் நுனியில் நடப்பதால் மருந்து அதிகம் ஒட்டாது. பாச்சா உருண்டையும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது ரத்த அணுவையே உடைக்கும்.

ஆற்றுக்கரை

தச்சன் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வேலையை ஒரு தடவை செய்து முடியுங்கள். அதன் பிறகு தினமும் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடுவது, கட்டிலுக்கு அடியில் மூன்று முறை பார்ப்பது எல்லாம் பயத்துக்குப் போடும் தீனி. சுத்தம் செய்ய வாரம் ஒரு நாள் ஒட்டடைக் கோல் போதும். பயிற்சிக்கு ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டு வையுங்கள்.

அருமனைக்காரி

நன்றி. குப்பியில் சட்டை வரைக்கும் வந்தாயிற்று, மூன்று மீட்டரில் மதிப்பெண் 40. ஒரு மீட்டருக்கு வைத்தால் 85, அங்கேயே ஐந்து நாளாக நிற்கிறது. வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றால் செய்ய முடிகிறது, இல்லாவிட்டால் முடியவில்லை. மகளை எப்படிப் பழக்குவது?

ஆற்றுக்கரை

40க்கும் 85க்கும் நடுவில் படி இல்லை, சிக்கல் அங்கேதான். இரண்டரை மீட்டர், இரண்டு மீட்டர், ஒன்றரை என்று பிரியுங்கள். தூரத்தை மாற்றாமல் வேறொன்றை எளிதாக்கியும் படி செய்யலாம்: குப்பியின் மேல் மெல்லிய துணி போட்டு ஒரு மீட்டர், மறுநாள் பாதி விலக்கி, அதற்கடுத்த நாள் முழுதும்.

விளக்குமாறு ஊன்றுகோல் ஆகிவிட்டது. அவர் விளக்குமாற்றை வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கட்டும், அடுத்து வாசலில், அடுத்து வேறு அறையில். இதுவும் ஏணியில் மூன்று படிதான், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது போன் பார்ப்பது, கண்ணைப் பாதி மூடி நாமம் சொல்வது, இவையும் அதே வகை. சொல்லாமல் யாரும் சிலந்தியைக் கொண்டுவந்து காட்டக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு தடவை ஏமாற்றினால் பல நாள் உழைப்பு போய்விடும்.

பகலில் முடிந்ததை இரவிலும், வேறு அறையிலும் திரும்பச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தைரியம் அந்த ஒரே அறைக்குள் நின்றுவிடும். நல்ல படி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: ரப்பர் வெட்டுக்குக் கட்டும் நெற்றி விளக்கைக் கண்ணுக்குச் சமமாகக் கட்டி, திண்ணையில் நின்றபடி முற்றத்துப் புல்லைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்திகளின் கண் பனித்துளி போல மின்னும். எத்தனை என்று எண்ணுங்கள். இத்தனை இருந்தும் ஒன்றும் திண்ணைப் பக்கம் வராததைக் கண்ணால் காண்பீர்கள்.

மகளுக்கு உங்கள் முகம்தான் பாடம். அவள் முன்னால் கத்தாமல் இருக்க முடியாது என்று தோன்றினால், பெரிய படிகளை அவள் இல்லாதபோது செய்யுங்கள். அவளுக்குக் குதிக்கும் சிலந்தி போதும். பத்து நிமிடம் சன்னலில் பார்க்கட்டும், எத்தனை கண் என்று எண்ணி வரையட்டும். கட்டாயப்படுத்தாதீர்கள், கேலியும் வேண்டாம்.

நான்கு வாரத்தில் மதிப்பெண் அசையவே இல்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், "எக்ஸ்போஷர் சிகிச்சை வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள், இப்படிப் படிப்படியாகப் பழக்கும் முறைக்கு அதுதான் பெயர். போனில் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அடுத்த மழைக்காலத்தில் பயம் கொஞ்சம் திரும்ப வரும், அது தோல்வி அல்ல. இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள்.

காட்டோரம்

கடைசிப் படியான பிடிக்கும் வேலைக்குக் குறிப்பு. டம்ளர் போதாது, கால் விளிம்பில் மாட்டி முறியும், அது மிரண்டு ஓடும். வாய் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். அட்டைக்குப் பழைய காலண்டரின் பின்னட்டை சரியாக இருக்கும். தபால் அட்டை வளைந்துவிடும். சுவரில் இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் இடையில் இருக்கும்போது மட்டும் முயலுங்கள். தலைக்கு மேலே இருந்தால் விட்டுவிடுங்கள், அதுதான் கீழே விழுகிற நிலை. டப்பாவைச் சுவருக்கு நேராக மெதுவாகக் கொண்டுபோய், கடைசி ஒரு சாண் மட்டும் வேகமாக மூடுங்கள். விளிம்பைச் சுவரிலிருந்து எடுக்காமல் அட்டையைச் சுவரை ஒட்டியே, கால்கள் உள்ளே ஒதுங்க நேரம் கொடுத்து, நகர்த்துங்கள்.

பிடிப்பதற்குள் ஸ்பிரே அடித்துவிட வேண்டாம். மருந்து பட்டதும் அது உடனே சாகாது, நிலைதடுமாறி எல்லாப் பக்கமும் ஓடும், மேலே விழும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதையே அது நடத்திக் காட்டிவிடும். வெளியே விறகு அடுக்கருகில் டப்பாவைத் தரையில் படுக்க வைத்து, அட்டையை எடுத்துவிட்டு பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். இருட்டு இடுக்கைப் பார்த்து அதுவே போய்விடும்.