என்பிசிசியா, எம்.எஸ்சியா, வேற ஏதாவதா? ஐசியூல இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க

நைட்டூட்டி_மன்னை:
வணக்கம் எல்லாருக்கும். நான் பி.எஸ்சி நர்சிங், 58% அக்ரிகேட், தஞ்சாவூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூல நாலஞ்சு வருஷமா இருக்கேன், வீடு மன்னார்குடி, தினம் வடுவூர் வழியா பஸ்ல போயிட்டு வர்றேன். வேலை பிடிச்சிருக்கு, அதுல குறை இல்ல, ஆனா வர வர ஒரே இடத்துல நின்ன மாதிரி இருக்கு. புதுசா வந்த டூட்டி டாக்டர் தம்பிக்கு ஏபிஜி ரிப்போர்ட்டை (ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவு பாக்கிற டெஸ்ட்) நான்தான் படிச்சு சொல்றேன், "சார், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டு இருக்கு, வென்டிலேட்டர் ரேட்டை கூட்டலாமா"ன்னு நான்தான் கேக்கிறேன், அவர் சரின்னதும் நான்தான் மாத்துறேன், ஆனா பேப்பர்ல நான் ஸ்டாஃப் நர்ஸ் அவ்வளவுதான், சம்பளமும் அதே ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம்தான்.

மேல படிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன், என்ன படிக்கிறதுன்னுதான் தெரியல. எம்.எஸ்சின்னா மெடிக்கல் சர்ஜிக்கல் எடுக்கலாம். நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் க்ரிட்டிக்கல் கேர், அதான் என்பிசிசி, அதுவும் ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோவும் இருக்காம். கூட வேலை பாக்கிற ஒரு அக்கா "எதுவும் வேணாம், ஓஇடி (நர்ஸ், டாக்டர்களுக்கான இங்கிலீஷ் டெஸ்ட்) எழுதிட்டு வெளிநாடு போ"ங்கிறாங்க. வீட்டுக்காரர் துபாய்ல, பையன் எல்கேஜி, அம்மா கூட இருக்காங்க. அப்பாவுக்கு மூணு மா நிலம், அதுல இருந்து ஃபீஸ் வரும்னு யாரும் நினைச்சுடாதீங்க 😅

எனக்கு டீச்சிங் பிடிக்காது, பேஷன்ட் பக்கத்துலயே இருக்கணும், அதுக்கு எது சரி?

வென்டிலேட்டர்_அக்கா:
நான் என்பிசிசி முடிச்சவ, இப்ப திருச்சில ஒரு பிரைவேட் ஐசியூ. நீ கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லணும்னா, பேஷன்ட் பக்கத்துல இருக்கணும்னா என்பிசிசிதான், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு அதையும் சொல்லிடுறேன்.

முதல்ல கோர்ஸ். ஐஎன்சி, அதான் இந்தியன் நர்சிங் கவுன்சில் சிலபஸ், ரெசிடென்சி ப்ரோக்ராம், அதாவது காலேஜ்ல உக்காந்து நோட்ஸ் எழுதுற கோர்ஸ் கிடையாது, பெரும்பாலும் ஐசியூலயேதான் கிடக்கணும். பி.எஸ்சில 55%, ரிஜிஸ்ட்ரேஷன், ஒரு வருஷ கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ், இதெல்லாம் உனக்கு இருக்கு. அட்வான்ஸ்டு பேத்தோபிசியாலஜி, அட்வான்ஸ்டு ஃபார்மகாலஜி, அட்வான்ஸ்டு ஹெல்த் அசெஸ்மென்ட், இந்த மூணு பேப்பர்தான் உயிர். இத்தன நாள் நாம நாரட்ரினலின் ஓட்டுறோம், பிபி ஏறுது, சார்ட்ல எழுதுறோம். அங்க போனா இந்த பேஷன்ட்டுக்கு ஏன் நாரட்ரினலின், ஏன் ஃப்ளூயிட் மட்டும் பத்தாது, செப்டிக் ஷாக்கா ஹார்ட் பம்பிங் பிரச்சனையான்னு எப்படி பிரிக்கிறது, கை ஜில்லுனு இருக்கா சூடா இருக்கா, இதை கன்சல்டன்ட் முன்னாடி ரவுண்ட்ஸ்ல நின்னு நீ சொல்லணும். தப்பா சொன்னா எல்லார் முன்னாடியும் கேள்வி விழும். முதல் ஆறு மாசம் அழுதவங்க உண்டு. ஆனா அதுக்கப்புறம் பேஷன்ட்டை பாக்கிற பார்வையே வேற.

இப்ப சிக்கல். படிச்சு முடிச்சா "நர்ஸ் ப்ராக்டிஷனர்"னு போஸ்ட் போட்டு வேலை கொடுக்கிற ஆஸ்பத்திரி நம்ம பக்கம் கையில எண்ணிடலாம். 2017 நேஷனல் ஹெல்த் பாலிசிலயே நர்ஸ் ப்ராக்டிஷனர் கேடர் உருவாக்கணும்னு எழுதியிருக்கு, எழுதினது எழுதினபடியே கிடக்கு. சொந்தமா ப்ரிஸ்கிரிப்ஷன் எழுத முடியாது, ஆஸ்பத்திரி ப்ரோட்டோகால்ல என்ன இருக்கோ அதுக்குள்ளதான் மருந்து, அதுக்குள்ளதான் ப்ரோசீஜர். அதனால காலேஜை விட எந்த ஐசியூவோட சேர்ந்த காலேஜ்ங்கிறதுதான் முக்கியம். படுக்கை எத்தன, வென்டிலேட்டர் கேஸ் நிஜமாவே வருதா, ஸ்டைபண்ட் உண்டா, ரெசிடென்ட்டை ஸ்டாஃப் பற்றாக்குறைக்கு ஆளா போட்டு ஓட்டுறாங்களா, இதெல்லாம் அங்க படிக்கிற சீனியர் பொண்ணுங்ககிட்ட கேளு, ஆபீஸ்ல கேட்டா எல்லாம் நல்லாதான் சொல்வாங்க.

கும்மோணம்_டியூட்டர்:
டீச்சிங் பிடிக்காதுன்னு ஒரே வரில தள்ளிட்டீங்களே சிஸ்டர், எங்களுக்கும் கொஞ்சம் பேச சான்ஸ் கொடுங்க 🙂

எம்.எஸ்சி நர்சிங்ல அஞ்சு ஸ்பெஷாலிட்டி: மெடிக்கல் சர்ஜிக்கல், சைல்ட் ஹெல்த், ஓபிஜி (பிரசவம், பெண்கள் நோய்), மென்டல் ஹெல்த், கம்யூனிட்டி ஹெல்த். மெட்-சர்ஜுக்குதான் எல்லாரும் முண்டியடிக்கிறாங்க. ஆனா சைக்கியாட்ரி எடுத்தவங்களை தேடித் தேடி கூப்பிடுறாங்க, ஏன்னா ஒவ்வொரு காலேஜுக்கும் அந்த சப்ஜெக்ட்டுக்கு ஆள் வேணும், படிச்சவங்க கம்மி. நம்ம டெல்டா முழுக்க பூச்சிமருந்து கேஸ் எவ்வளவு வருதுன்னு ஐசியூல இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அட்ரோபின் போட்டு காப்பாத்தி வார்டுக்கு அனுப்புறோம், அதுக்கப்புறம் அந்த மனுசன்கிட்ட உக்காந்து பேச யாரு இருக்கா? பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில சைக்கியாட்ரிக் நர்சிங் எம்.எஸ்சி இருக்கு, கிடைச்சா விடாதீங்க.

ஃபீஸ் பயம்னா முதல்ல கவர்மெண்ட் சீட் பாருங்க, சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்லயும் மதுரை மெடிக்கல் காலேஜ்லயும் எம்.எஸ்சி இருக்கு, போட்டி ஜாஸ்திதான். டெல்லி எய்ம்ஸ்ல எம்.எஸ்சிலயே கார்டியோ, நியூரோ, ஆங்காலஜி, நெஃப்ராலஜி, க்ரிட்டிக்கல் கேர்னு தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க, என்ட்ரன்ஸ் எழுதணும், உங்க மாதிரி ஐசியூ ஆளுக்கு அது நல்ல இடம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிரைவேட் காலேஜ்ல சேரும்போது "முடிச்சுட்டு இத்தன வருஷம் இங்கயே வேலை பாக்கணும்"னு பாண்ட் பேப்பர் நீட்டினா படிக்காம கையெழுத்து போடாதீங்க. என் கூட படிச்ச ஒருத்தியோட ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒரு இடத்துல பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க, நல்ல வேலை வந்தும் போக முடியல, அவங்கப்பா நடையா நடந்து வாங்கினாரு. அப்படி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கு, ஆனாலும் நடக்குது.

ஆரூர்_ஜிஹெச்:
நான் திருவாரூர் பக்கம் கவர்மெண்ட்ல ஸ்டாஃப் நர்ஸ், எம்ஆர்பி (கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற போர்டு) மூலமா வந்தது. எனக்கு மேல சொன்ன ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் சண்டை இருக்கு.

அட்வான்ஸ்டு ப்ராக்டிஸ்னா வென்டிலேட்டர் மட்டும்தானா? அறுப்பு சீசன்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆளை டூவீலர்ல நடுவுல உக்கார வெச்சு கூட்டிட்டு வருவாங்க, காலுக்கு மேல துண்டை இறுக்கிக் கட்டியிருக்கும், "என்னமோ கடிச்சிருச்சு சிஸ்டர்"ம்பாங்க. டாக்டர் வேற கேஸ்ல இருப்பாரு. ஒரு சுத்தமான காஞ்ச கண்ணாடி ட்யூப்ல ரெண்டு எம்எல் ரத்தத்தை விட்டு ஆட்டாம அசைக்காம இருபது நிமிஷம் வெச்சு, ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். உறைஞ்சிருந்தா ஒரு கதை, தண்ணியா ஓடினா பெரும்பாலும் கண்ணாடி விரியன் மாதிரி விரியன் வேலை, ஆன்டி ஸ்னேக் வெனம் ஏத்தணும். ப்ளாஸ்டிக் ட்யூப்ல விட்டா ரிசல்ட்டை நம்பவே முடியாது, இது தெரியாம ப்ளாஸ்டிக்ல விட்டுட்டு உக்காந்திருக்கிறவங்களை பாத்திருக்கேன். உறைஞ்சிருச்சுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது, கட்டுவிரியனா இருந்தா ரத்தம் உறையும், கடிச்ச இடத்துல வலிகூட இருக்காது, ஆனா கண் இமை தொங்க ஆரம்பிக்கும், பேச்சு குளறும், அப்புறம் மூச்சு. அதை அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பி "மேல பாருங்க"ன்னு சொல்லி பாத்துக்கிட்டே இருக்கிறது நர்ஸ்தான். இதுக்குப் பேரு அட்வான்ஸ்டு இல்லைன்னா வேற எதுக்குங்க?

அதனால என் ஓட்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோவுக்கு, எமர்ஜென்சி அண்ட் டிசாஸ்டர் நர்சிங் இல்ல க்ரிட்டிக்கல் கேர். ஒரே வருஷம், ஜிஎன்எம், அதான் நர்சிங் டிப்ளமோ, முடிச்சவங்களும் சேரலாம், சின்னக் குழந்தை வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷத்தை விட ஒரு வருஷம் எவ்வளவோ மேல். இன்னொன்னு, கவர்மெண்ட்ல ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு எம்.எஸ்சி கேக்கிறதே இல்ல, ஜிஎன்எம் இல்ல பி.எஸ்சி போதும், எம்.எஸ்சி முடிச்சவங்களும் எங்க கூட அதே வார்டுல அதே டூட்டிதான் பாக்கிறாங்க.

வென்டிலேட்டர்_அக்கா:
@ஆரூர்_ஜிஹெச் சண்டையே இல்ல, நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா டிப்ளமோ மாஸ்டர்ஸ் டிகிரி ஆகாது. நாளைக்கு என்பி கேடர்னு ஒண்ணு வந்தா டிப்ளமோக்காரங்களை சேப்பாங்களா மாட்டாங்களாங்கிறது யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் குடுக்க முடிஞ்சவங்க ரெண்டு வருஷம் குடுக்கலாம்னுதான் நான் சொல்றேன்.

லீட்ஸ்ல_ஒரு_தஞ்சாவூர்:
வெளிநாடு போன்னு சொன்ன அக்கா பாதிதான் சொல்லியிருக்காங்க. இங்க யூகேல நர்ஸா வர எம்.எஸ்சியும் வேணாம் என்பிசிசியும் வேணாம், ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட், சிபிடின்னு கம்ப்யூட்டர் எக்ஸாம், வந்ததும் ஓஸ்கின்னு ப்ராக்டிக்கல் எக்ஸாம். பாஸ் ஆகி பின் நம்பர் (நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர்) வந்ததும் பேண்ட் 5, அதான் நர்ஸுக்கு ஆரம்ப சம்பள கிரேடு. அங்க நீங்க சீனியரா இருந்தாலும் இங்க முதல்ல எல்லாரும் அந்த வரிசைலதான், இது மனசுக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கும், கேனுலா போடவே தனியா ட்ரெயினிங் எடுத்து சைன் ஆஃப் வாங்கணும்னா பாத்துக்கங்க.

அட்வான்ஸ்டு கிளினிக்கல் ப்ராக்டிஷனர் (ஏசிபி)னா இங்க மாஸ்டர்ஸ் லெவல், பெரும்பாலும் வேலைல இருந்துக்கிட்டே ட்ரெய்னியா படிக்கிறது, ஃபீஸ் பல இடத்துல எம்ப்ளாயர் கணக்கு. கூட வி300னு ப்ரிஸ்கிரைபிங் கோர்ஸ், அதை முடிச்சா நர்ஸே சொந்த கையெழுத்துல மருந்து எழுதலாம். முழு ஏசிபி ஆனா பேண்ட் 8ஏ வரைக்கும் போகலாம். ஆனா இதெல்லாம் வந்து சில வருஷம் கழிச்சு. ட்ரெய்னி போஸ்ட்டுக்கு அவங்க பாக்கிறது இங்கத்த அனுபவத்தை. அதுக்காக என்பிசிசி வீண்னு சொல்லல, ஹார்ட், லங்ஸ் ஸ்டெத் வெச்சு பாக்கத் தெரிஞ்சவங்க இன்டர்வ்யூல தனியா தெரிவாங்க.

அமெரிக்கா வேற கணக்கு. நர்ஸ் ப்ராக்டிஷனர்ங்கிறதே அங்க 1965ல கொலராடோ யூனிவர்சிட்டில குழந்தைங்களுக்கான ப்ரோக்ராமா ஆரம்பிச்சதுதான். அங்க எந்த வயசு, எந்த வகை பேஷன்ட்டுன்னு முதல்லயே முடிவு பண்ணி படிக்கணும்: ஃபேமிலி, பெரியவங்களுக்கான அக்யூட் கேர், நியோநேட்டல், சைக்கியாட்ரி இப்படி. ஃபேமிலி என்பி படிச்சவங்க நாளைக்கு ஐசியூக்கு மாறணும்னா மறுபடி படிப்பு, மறுபடி சர்டிஃபிகேஷன். மயக்கமருந்து நர்ஸ் ஆகணும்னா இப்ப புதுசா சேர்றவங்க டாக்டரேட்டே முடிக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி என்கிளெக்ஸ்னு நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாம். நம்மூர் என்பிசிசி சர்டிபிகேட்டை காட்டி அங்க நேரா என்பி ஆகிடலாம்னு எந்த ஏஜென்ட்டாவது சொன்னா போனை வெச்சுடுங்க.

லேபர்ரூம்_சித்தி:
யாரும் மிட்வைஃபரி பத்தி பேசவே இல்லையே. 2018 டிசம்பர்ல சென்ட்ரல் கவர்மெண்ட் கைட்லைன் வந்துச்சு, நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் மிட்வைஃபரி, 18 மாசம், நார்மல் டெலிவரியை மிட்வைஃபே முன்ன நின்னு பாக்கிற யூனிட். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி லேபர் ரூம்ல ஒரு ராத்திரி நின்னு பாத்தவங்களுக்கு இது எவ்வளவு தேவைன்னு புரியும். கேட்டவங்க ஐசியூ ஆளு, அவங்களுக்கு இது ஒத்து வராதுதான், படிக்கிற வேற யாருக்காவது உதவட்டும்னு போட்டேன்.

நைட்டூட்டி_மன்னை:
எல்லாருக்கும் நன்றி, டூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். ஆரூர் அக்கா சொன்ன கண்ணாடி ட்யூப் விஷயத்தை எங்க கேஷுவால்ட்டில நாளைக்கே கேக்கப் போறேன், எங்க இருக்குன்னே எனக்கு தெரியாது. இப்போதைக்கு மனசு என்பிசிசி பக்கம்தான் போகுது, அது கிடைக்கலைன்னா டிப்ளமோ. வென்டிலேட்டர் அக்கா, ஹாஸ்டல்லயேதான் இருக்கணுமா, இல்ல தினம் வீட்டுக்கு வந்து போக முடியுமா?

வென்டிலேட்டர்_அக்கா:
மன்னார்குடில இருந்து போயிட்டு வர்றதெல்லாம் நடக்காதும்மா. டூட்டி ரொட்டேஷன்ல நைட் வரும், காலைல ரவுண்ட்ஸ்க்கு கேஸ் ப்ரிப்பேர் பண்ணணும், மத்தியானம் கிளாஸ், நடுவுல ரிசர்ச் ப்ராஜெக்ட் வேற. பையனை ரெண்டு வருஷம் அம்மா பாத்துப்பாங்களா, அவங்களுக்கு சுகர் பிபி ஏதாவது இருக்கா, இதை வீட்ல பேசிட்டு அப்புறம் அப்ளிகேஷன் வாங்கு. எந்தெந்த காலேஜ்னு பாத்து வெச்சிருக்கியோ அந்தப் பேரை எனக்கு இன்பாக்ஸ்ல போடு, அங்க படிக்கிற பிள்ளைங்க யாராவது தெரிஞ்சா நம்பர் வாங்கித் தர்றேன்.