2 டெராபைட் ரேம் உள்ள சர்வரில் கர்னல் நினைவகத்தைத் தயார்செய்ய 14 விநாடி எடுக்கிறது

கேள்வி – வடகரை64

நூமா நோடு (தனக்கென ரேம் கொண்ட சிபியு தொகுதி) ஒன்றுக்கு 1 டெராபைட் வீதம் மொத்தம் 2 டெராபைட் ரேம் கொண்ட எக்ஸ்86 சர்வரில், நாங்களே கம்பைல் செய்த லினக்ஸ் 6.6 கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டுகிறோம். டேட்டாபேஸ் சர்வர் என்பதால் ரீபூட்டில் வீணாகும் ஒவ்வொரு விநாடியும் எங்களுக்குக் கணக்கு. கர்னல் தன் செய்திகளை எழுதும் டிமெசேஜ் பதிவில் ‘சோன் ரேஞ்சஸ்’ வரிக்கு முன் 5 விநாடியும், ‘இனிட்மெம் செட்டப் நோடு 1’ வரிக்குப் பின் 9 விநாடியும் எதுவும் அச்சாகாமல் நிற்கிறது. டிஸ்ட்ரோவுடன் வந்த கர்னல் இதே சர்வரில் இவ்விரு இடங்களிலும் தயங்குவதில்லை. ரேமில் பழுதோ என்று ஒரு நாள் முழுவதும் மெம்டெஸ்ட் ஓட்டியும் பிழை எதுவும் வரவில்லை. எங்கே தேட வேண்டும்?

மறுமொழி – கருநிலம்

ரேமைச் சந்தேகிக்க வேண்டாம். கர்னலுக்கு முன் பயாஸ் செய்யும் மெமரி டிரெய்னிங்கும் (ரேமைச் சரிப்படுத்தும் வேலை) இதில் சேராது, ஏனெனில் டிமெசேஜின் கடிகாரம் கர்னல் பொறுப்பேற்ற பிறகே ஓடத் தொடங்குகிறது. இது முழுக்கக் கர்னலின் வேலைதான். ரேமைக் கர்னல் 4 கிலோபைட் துண்டுகளாக, அதாவது பக்கங்களாக, பிரித்துக் கையாள்கிறது. அந்தப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கர்னல் 64 பைட் அளவுள்ள ஒரு ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ பதிவை வைத்திருக்கிறது. 2 டெராபைட்டுக்குச் சுமார் 53.7 கோடிப் பக்கங்கள். அவற்றின் பதிவுகளுக்கே 32 கிகாபைட் போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில் விழித்திருப்பது ஒரே ஒரு சிபியு கோர் என்பதால், இத்தனையையும் அது தனியாளாக எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்க்கத்தான் 2015-இல் வந்த லினக்ஸ் 4.2-இல் ‘டிஃபெர்ட் ஸ்ட்ரக்ட் பேஜ் இனிட்’ (பதிவுகளைத் தயார்செய்வதை ஒத்திவைத்தல்) என்ற வசதி சேர்க்கப்பட்டது. பூட் ஆவதற்குத் தேவையான சிறு பகுதியை மட்டும் முதலில் தயார்செய்துவிட்டு, எல்லாக் கோர்களும் விழித்த பின் நோடுக்கு ஒரு கர்னல் திரெட் வீதம் மிச்சத்தை முடிப்பது அதன் முறை. 2020-இல் வந்த 5.8 முதல் எக்ஸ்86-இல் ஒரு நோடின் வேலையையே பல கோர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. கம்பைல் செய்யும்போது எந்த வசதிகள் வேண்டும் என்று குறிக்கும் உங்கள் கான்ஃபிக் கோப்பில் இந்த வசதி விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வடகரை64

நன்றி ஐயா. பார்த்துவிட்டேன், அது ‘ஒய்’ (ஆம்) என்றே இருக்கிறது. எங்கள் சோதனை சர்வரின் கான்ஃபிக்கையும் பூட் அளவுருக்களையும் (தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளைகள்) அப்படியே எடுத்து வந்தோம். நினைவக நிர்வாகத்தில் பிழை தேடும் டீபக் விஎம் வசதியும் அதில் இயங்குகிறது. டிமெசேஜில் ‘மெமரி’ என்று தொடங்கும் வரியில், பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தின் அளவு ஏறத்தாழ மொத்த அளவை ஒட்டியே காட்டப்படுகிறது.

மறுமொழி – பொறிவாசல்

நீங்கள் கடைசியாகச் சொன்ன வரியிலேயே விடை இருக்கிறது. ஒத்திவைப்பு உண்மையில் நடந்திருந்தால், அந்த நேரத்தில் பெரும்பாலான பக்கங்கள் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் அலோகேட்டரிடம் ஒப்படைக்கப்பட்டிராது. எனவே கிடைக்கும் அளவு மிகக் குறைவாகத்தான் தெரிய வேண்டும். கான்ஃபிக்கில் இருந்தும் நடக்கவில்லை என்றால், பூட் அளவுரு ஏதோ அதை அணைக்கிறது. சோதனை சர்வரில் நினைவகக் கசிவு தேடுபவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் யார் ஒதுக்கினார்கள் என்று பதிவுசெய்யும் ‘பேஜ்_ஓனர்=ஆன்’ என்பதோடு ‘எர்லி_பேஜ்_எக்ஸ்ட்’ என்பதையும் சேர்ப்பதுண்டு. தொடக்க நிலை ஒதுக்கீடுகளையும் தவறவிடாமல் பதிவுசெய்ய உதவுவது அந்த இரண்டாவது அளவுரு. அதற்கு விலையாக ஒத்திவைப்பை அடியோடு நிறுத்திவிடுகிறது. உங்கள் 9 விநாடி அங்கே போகிறது.

முந்தைய 5 விநாடிக்குக் காரணம் வேறு. டீபக் விஎம் இயங்கும்போது, ஸ்ட்ரக்ட் பேஜ் பதிவுகளுக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் கர்னல் முதலில் எல்லா பிட்டும் 1 ஆக நிரப்புகிறது. தயார்செய்யப்படாத பதிவை யாராவது தொட்டால் அகப்பட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக. அதாவது அந்த 32 கிகாபைட்டை ஒருமுறை கூடுதலாக எழுதுகிறீர்கள். இது ஒத்திவைக்கப்படுவதில்லை என்பதால் ‘எர்லி_பேஜ்_எக்ஸ்ட்’டை எடுத்தாலும் இது நிற்காது. கர்னலை மறுபடி கம்பைல் செய்வதற்கு முன் இந்தச் சோதனைகளை அணைக்கும் ‘விஎம்_டீபக்=-’ என்ற பூட் அளவுருவைக் கொடுத்துப் பாருங்கள். பயன்பாட்டிலுள்ள சர்வரில் டீபக் விஎம்மை வைத்திருப்பதே சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

வடகரை64

நீங்கள் சொன்ன ‘பேஜ்_ஓனர்’, ‘எர்லி_பேஜ்_எக்ஸ்ட்’ இரண்டுமே எங்கள் பூட் அளவுருக்களில் இருந்தன. ‘எர்லி_பேஜ்_எக்ஸ்ட்’டை மட்டும் எடுத்ததும் 9 விநாடி இடைவெளி மறைந்தது, நோடு 0, நோடு 1 இரண்டுக்கும் ஒத்திவைத்த பக்கங்கள் தயாரான வரிகள் முதன்முறையாகப் பதிவில் தோன்றின, இரண்டுமே அரை விநாடிக்குள். பிறகு ‘விஎம்_டீபக்=-’ சேர்த்தேன்; ‘சோன் ரேஞ்சஸ்’ வரி உடனே வந்துவிடுகிறது. டீபக் விஎம் இல்லாத கர்னல் இப்போது கம்பைல் ஆகிக்கொண்டிருக்கிறது. கசிவு தேடும் நண்பருக்குப் பேஜ் ஓனர் தொடர்ந்து தேவைப்படுவதால், பழைய அளவுருக்களைச் சோதனை சர்வரின் கிரப் (பூட் தேர்வு) மெனுவில் தனிப் பதிவாக வைத்துவிட்டோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.