ஏரிக்கரையில் நடைபாதையும் பூங்காவும்: எதை எங்கே வைப்பது?

கேள்வி – வார்டு உறுப்பினர், மதுராந்தகம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. மாலையில் காற்று வாங்க ஊரில் வேறு இடம் கிடையாது. கரைமேல் சிமென்ட் நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்கு, கரையடியில் கழிப்பறை, உட்புறச் சரிவில் சிறுவர் பூங்கா என்று ஒரு வரைபடம் வந்திருக்கிறது. கிராம சபையில் வைப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதில் – ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர், பாசனப் பிரிவு

தம்பி, வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் வகை, பரப்பு உள்ள பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து எல்லையைப் பாருங்கள். ஏரிப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒரு கல்கூட நடக்கூடாது. உட்புறச் சரிவில் பூங்கா வேண்டவே வேண்டாம். அது நீர் நிற்கும் இடம். ஐப்பசி கார்த்திகையில் ஊஞ்சல் தண்ணீருக்குள் நிற்கும். அங்கே மண் கொட்டி மேடாக்கினால் அந்த அளவுக்குக் கொள்ளளவு போய்விடும்.

கரை உச்சியில் சிமென்ட் போடாதீர்கள். மண்கரை ஆண்டுதோறும் கொஞ்சம் அமரும். மேலே தளம் இருந்தால் அடியில் விழும் பொந்து கண்ணுக்குத் தெரியாது; நண்டும் எலியும் தோண்டியதை மழைக்காலத்தில் கசிவு வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். கிராவல் பரப்பி, மழைநீர் தேங்காமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, உருளையால் இறுக்கினால் போதும். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மதகின் அடைப்பான் திருகியைச் சுற்றி ஆள் நின்று திருப்ப இடம் விடுங்கள்.

ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலிங்குதான் எனக்குப் பெரிய கவலை. பாதை தொடர்ச்சியாக வேண்டும் என்பதற்காகக் கலிங்கின் மேல் சுவர் எழுப்பிவிடுவார்கள். உபரி நீர் வெளியேற வழியில்லாவிட்டால் கரை உடையும், கீழே ஊர் இருக்கிறது. இரு பக்கமும் பாதையை நிறுத்தி, வழிந்தோடும் காலத்தில் அடைக்க ஒரு சங்கிலி வையுங்கள். பாசி படிந்த கல்லில் பிள்ளைகள் வழுக்கி விழுவது அங்கேதான்.

பதில் – பறவை பார்ப்பவர், செங்கல்பட்டு

உங்கள் வட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. மக்கள் கரைமேல் நடக்கிறார்கள், பறவைகள் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நடுவில் இருக்கும் தண்ணீரே வேலி. வண்டி நிறுத்தமும் கடைகளும் கரையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். விளக்கு வேண்டுமென்றால் நுழைவாயிலில் மட்டும், தரையை நோக்கி, இரவு 8 மணிக்கு அணையும்படி. தண்ணீர் வற்றும்போது உட்கரையோரச் சேற்றில்தான் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகள் இரை தேடும். அங்கே கல் பாவிவிட்டால் அவை வேறு ஏரிக்குப் போய்விடும்.

பதில் – ஆசிரியை, உத்திரமேரூர்

கழிப்பறையைக் கரையடியில் வைக்காதீர்கள். அந்தப் பக்கக் கிணறுகளுக்கு ஏரியின் ஊற்றுதான் ஆதாரம். சாலையோரம், ஆள் நடமாட்டம் தெரியும் இடத்தில், கசியாத தொட்டியோடு கட்டுங்கள். எங்கள் பெண்பிள்ளைகள் இருட்டு மூலையில் இருக்கும் கழிப்பறைக்குப் போவதே இல்லை. கரைக்கு ஏறப் படி மட்டும் வைத்தால் முதியவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று ஒரு சாய்தளம் அமையுங்கள். 10 அடிக் கரைக்கு 120 அடி. இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளங்களும் தேவை.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அக்கா. கைப்பிடிக் கம்பி போட்டால் மாடுகள் தண்ணீருக்கு இறங்குவது எப்படி?

பதில் – ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்

மாடு இறங்கும் தடம் கரையில் ஏற்கெனவே தேய்ந்து கிடக்கும். துணி துவைக்கும் துறையும் அப்படித்தான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போய் நின்று பார்த்து அவற்றை வரைபடத்தில் குறியுங்கள். அங்கெல்லாம் கம்பி வேண்டாம். கரை அரிக்காமல் இருக்கக் கருங்கல் பாவிக் கொடுங்கள். கம்பி, மதகின் பக்கத்திலும் கலிங்கின் இரு முனையிலும் இருந்தால் போதும்.