வேலை நிலைக்குமா என்று தெரியாதபோது சுற்றுலா புக் பண்ணலாமா? காப்பீடு கைகொடுக்குமா?

நடைவண்டி:
எங்கள் அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து டீமில் சிலரை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். மேனேஜரைக் கேட்டால் "எனக்கே ஒன்றும் தெரியாது" என்கிறார், அந்தப் பதில்தான் இன்னும் பயமாக இருக்கிறது. குடும்பத்தோடு வெளிநாடு போகிற திட்டம் ரொம்ப நாளாகத் தள்ளிக்கொண்டே போகிறது, இப்போது டிக்கெட் எடுக்காவிட்டால் விலை ஏறிவிடும். பயணக் காப்பீடு எடுத்துவிட்டால் வேலை போனாலும் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். நம்பி எல்லாவற்றையும் புக் பண்ணிவிடலாமா?

கணக்குப்புலி:
நண்பர் சொன்னது பாதிதான் சரி. பயணத்தை ரத்து செய்தால் பணம் தருகிற பாலிசி, தன்னுள் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான் தரும். கடுமையான நோய், நெருங்கிய உறவினர் மரணம் போன்றவை பெரும்பாலும் இருக்கும், வேலை இழப்பு சிலவற்றில்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் நிபந்தனை உண்டு: நிறுவனமே உங்களை நீக்கியிருக்க வேண்டும், உங்கள் தவறுக்காக நீக்கியிருக்கக் கூடாது, நிரந்தர வேலையாக இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் ஒரு வருடமோ மூன்று வருடமோ, பாலிசியில் என்ன போட்டிருக்கிறதோ அவ்வளவு காலம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் இதில் பெரும்பாலும் வர மாட்டார்கள்.

இதைவிட முக்கியம், பாலிசி வாங்கிய அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வாங்கினால் கிளைம் கிடையாது. கேன்டீன் வதந்தியை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆனால் "இந்தப் பிரிவில் ஆட்களைக் குறைக்கப் போகிறோம்" என்று நிறுவனம் மெயில் அனுப்பிவிட்டால், முன்பே தெரிந்த விஷயம்தானே என்று மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். 2020இல் கொரோனாவுக்கும் இதே கதைதான்: அதைத் 'தெரிந்த நிகழ்வு' என்று காப்பீட்டு நிறுவனங்கள் அறிவித்த தேதிக்குப் பிறகு பாலிசி எடுத்தவர்களில் பலருக்கு அதைக் காரணம் காட்டி ரத்து செய்ய முடியவில்லை.

ஈரக்குடை:
மேலே சொன்ன "நிறுவனமே நீக்க வேண்டும்" என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிஜத்தில் என்ன நடக்கிறது? ஹெச்ஆர் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழில் ஒன்றும் வராது, கூடுதலாகக் கொஞ்சம் சம்பளமும் தருகிறோம்" என்று இனிமையாகப் பேசுவார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடமே காகிதத்தின்படி நீங்கள் தானாக வேலையை விட்டவர், அதற்குக் கிளைம் வராது. விருப்ப ஓய்வுத் தொகை வாங்கிக்கொண்டு வந்தாலும் பெரும்பாலும் இதே நிலைதான். அதனால் கடிதத்தில் 'ஆள்குறைப்பு காரணமாகப் பணி நீக்கம்' என்று தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்றுலாவுக்காக ஹெச்ஆரோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி, எனக்கென்றால் அந்தக் கூடுதல் சம்பளமே பெரிதாக இருக்கும்.

நடைவண்டி:
அய்யோ, இவ்வளவு இருக்கிறதா. சரி, எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகை விளம்பரத்தில் பார்த்தேனே, அது எப்படி?

கணக்குப்புலி:
இருக்கிறது, எல்லா நாட்டிலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் சாதாரண பாலிசியைவிட பிரீமியம் நன்றாகவே கூடும். திரும்பி வருவது பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம், முழுப் பணம் இல்லை. முதல் பணம் கட்டிய 14 அல்லது 21 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. ஆனால் வதந்தி, ராஜினாமா, கான்ட்ராக்ட் எதுவும் இங்கே குறுக்கே வராது. உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருந்தும்.

வழிப்போக்கன்:
நான் வேறு மாதிரி யோசிப்பேன். காப்பீட்டை நம்பி புக் பண்ணுவதைவிட, புக்கிங்கையே கழற்றிவிடக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்துக்குக் கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யும் வகையை எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அந்த ரத்துக் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள், அன்றைக்கு வேலை நிலவரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். சுற்றுலா ஏஜென்சி பேக்கேஜ் வேண்டாம், மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்வார்கள். விமான டிக்கெட்டில் 'ரத்து செய்யலாம்' என்று இருந்தால் பணமாகத் தருகிறார்களா, அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத் தருகிறார்களா என்று பாருங்கள். வேலை போன மாதத்தில் அந்தக் கிரெடிட்டை வைத்து என்ன செய்வது? தவணையில் மட்டும் எடுக்காதீர்கள், சம்பளம் நின்றாலும் தவணை நிற்காது.

இப்படிச் செய்தால் திரும்ப வராத பணம் டிக்கெட் மட்டும்தான். காப்பீட்டில் அந்தத் தொகையை மட்டும் காட்டினால் போதும், பிரீமியமும் இறங்கும். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் கை வைக்காதீர்கள், ரத்துக்கான காப்பீடு வேறு, அது வேறு. ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பமே எடுபடாது.

ஈரக்குடை:
விசா என்றதும் ஞாபகம் வந்தது. பல நாடுகள் வேலைச் சான்றும் சம்பளச் சீட்டும் கேட்கின்றன, அதனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நீங்களே வெளிநாட்டில் வேலை விசாவில் இருப்பவர் என்றால் கதை வேறு, அந்த நாட்டைவிட்டு வெளியே இருக்கும்போது வேலை போனால் திரும்பி உள்ளே வருவதே சிக்கலாகலாம்.

நடைவண்டி:
நான் வேலை விசாவில் இல்லை, அந்தத் தலைவலி மிச்சம். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடியதாக எடுத்துவிட்டு, டிக்கெட்டுக்கு மட்டும் பாலிசி பார்க்கிறேன். வாங்கிய பிறகு விதிகளைப் படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கணக்குப்புலி:
பல பாலிசிகளில் 10 அல்லது 15 நாள் அவகாசம் இருக்கும், பயணம் தொடங்காமலும் கிளைம் கேட்காமலும் இருந்தால் பிரீமியம் திரும்ப வரும். குறுகிய காலப் பயணப் பாலிசிக்கு இது இல்லாமலும் போகலாம், வாங்குவதற்கு முன்பே மெயிலில் கேட்டு பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.