நிதி தருகிறவர்களே ஆலோசனையும் விற்றால்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை அக்கா:
பெயர் வேண்டாம். எங்களுக்கு நிதி தந்துகொண்டிருந்த அறக்கட்டளை போன வருடம் சொந்தமாகக் கொன்சல்டன்சி தொடங்கியது. புரொபோசல் விஷயமாகக் கொழும்பு 7 ஒஃபிஸுக்குப் போனேன். கதைத்து முடித்து, பிளேன்டீயும் குடித்து எழும்பும் நேரம், அந்த ஒஃபிஸர் மேசை லாச்சியைத் திறந்து இரண்டாவது விசிட்டிங் கார்ட் ஒன்றை நீட்டுகிறார். அதே பெயர், அதே நம்பர், கொம்பனி மட்டும் வேறு. "கட்டாயம் இல்லை மிஸ்." அந்தக் 'கட்டாயம் இல்லை' இன்னும் காதில் நிற்கிறது. பட்ஜெட்டில் 'திறன் விருத்தி' என்று ஆறு லட்சம் போட்டோம். அவர்கள் தந்த காசு அவர்களிடமே போனது, மட்டக்களப்புக்குப் போக வேண்டிய தையல் மெஷின் பாதியாகக் குறைந்தது.

மற்றப் பக்கத்துத் தம்பி:
அக்கா, கோபிக்க வேண்டாம், அப்படி ஒரு கொன்சல்டன்சியில் வேலை செய்தவன் நான். இலவசமாகப் பயிற்சி வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை, வருகிறவர்கள் சாப்பாட்டுப் பார்சலோடு போய்விடுவார்கள். காசு கட்டியவர்கள்தான் கேள்வி கேட்டார்கள். ஆனால் ஒன்று. ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கும்போது டைரக்டர் கதவைச் சாத்திவிட்டு, "வாகனக் காசில் இருந்து சம்பளம் கொடுத்தோம், இது மேலே போகாதுதானே தம்பி?" என்றார். திங்கட்கிழமை நிதி முடிவெடுக்கும் கூட்டத்தில் நானும் இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது.

தெஹிவளை ஆள்:
தம்பி சொல்வது சரியில்லை. காசு கட்டினால் அக்கறை வரும், சரி, யாருடைய காசு அது? எங்களுக்கும் இதே கதைதான், நாங்கள் வேறு ஆளைப் பிடித்தோம். நிதி வந்தது, நான்கு மாதம் பிந்தி. தற்செயலாகவும் இருக்கலாம். இனி இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில், ஆலோசனை வேலைக்கென்று தனியாக, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி (பங்குக்குப் பதிலாக உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்பது) பதியலாம், ஆனால் பதிவு மட்டும் தனியாக இருந்து பலனில்லை, பணிப்பாளர் சபையில் அதே ஆட்கள் என்றால் பெயர்ப்பலகைதான் இரண்டு. அமெரிக்காவில் பிரிட்ஜ்ஸ்பான் என்ற இலாப நோக்கமற்ற நிறுவனம் 2000இல் பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தின் உதவியோடு தொடங்கியது, அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்கிறது, ஆனால் யாருக்கு நிதி என்று முடிவெடுக்கும் கதிரை அதனிடம் இல்லை. அந்தக் கதிரைதான் பிரச்சினை. காசைச் சங்கத்திடமே கொடுத்துவிடுங்கள், மூன்று கொட்டேஷன் எடுத்து அவர்களே ஆளைத் தேடட்டும்.

வெள்ளவத்தை அக்கா:
மூன்று கொட்டேஷனா? சம்பள நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள்.
தம்பி, அந்தத் திங்கட்கிழமை நீங்கள் என்ன சொன்னீர்கள்?