வட்ட அலைவழியில் துளைத்தகடு: அலை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி:
24 மி.மீ. உள்விட்டமுள்ள செம்புக் குழாயில் (அதுதான் என் அலைவழி) 10 கிகாஹெர்ட்ஸ் மின்காந்த அலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே 1 மி.மீ. பித்தளைத் தகடு வைத்தேன், நடுவில் 8 மி.மீ. துளை. ஏறக்குறைய எல்லாமே திரும்பிவிட்டது. விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கிறதே!

பதில் 1:
விட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிறு துளை இருமுனைகள் (எதிரெதிர் முனைகள் சேர்ந்த குட்டிக் கதிர்வீச்சு மூலங்கள்) போல நடந்துகொள்ளும் என்று 1944-இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே காட்டினார். கடக்கும் திறன் தோராயமாக ஆரத்தின் ஆறாம் அடுக்கு. துளையை 10 மி.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு போகும்.

பதில் 2:
தகட்டின் தடிமனையும் பாருங்கள். 8 மி.மீ. துளையே ஒரு குட்டி அலைவழிதான். அதன் வெட்டு அதிர்வெண் (அதற்குக் கீழே அலை ஓடாத எல்லை) சுமார் 22 கிகாஹெர்ட்ஸ். உள்ளே அலை ஓடாது, தேயும்: மில்லிமீட்டருக்கு 3.5 டெசிபெல். எனக்கும் முதல் வடிப்பானில் இதே தவறுதான் நேர்ந்தது, இரண்டு வாரம் தேடினேன்.

கேட்டவர்:
0.2 மி.மீ. தகட்டுக்கு மாறினேன், கடக்கும் திறன் கிட்டத்தட்ட 3 டெசிபெல் கூடியது! மிக்க நன்றி.

பதில் 2:
சரி, அப்புறம் அதே மாதிரி இன்னொரு தகட்டை 22 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வையுங்கள். டி.இ.11 அலைக்கு (வட்டக் குழாயில் மிகக் குறைந்த அதிர்வெண்ணிலேயே ஓடத் தொடங்கும் அலை வடிவம்) இத்துளை தூண்டல் தன்மையுடையது, அதாவது கம்பிச் சுருள் போல நடந்துகொள்ளும்; அதனால்தான் இடைவெளி குழாயினுள் அரை அலைநீளமான அந்த 22 மி.மீ.-ஐவிடக் குறைவு. ஒத்ததிர்வு கிடைத்ததும் பெரும்பகுதி கடந்துபோவதைப் பார்ப்பீர்கள்.