பினாங்கில் விண்வெளி நிலையம் பார்க்க எங்கே போகலாம்?

வணக்கம். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் சுற்றுகிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து என் ஐந்து வயது மகள் பால்கனியில் நின்று போகிற விமானத்துக்கெல்லாம் கையாட்டுகிறாள். விளக்கு சிமிட்டாமல் சீராக நகர்ந்தால்தான் நிலையம் என்று சொல்லிக் கொடுத்தாச்சு. அது பளிச்சென்று தெரியும், அதனால் ஊர் வெளிச்சம் பெரிய தொல்லையில்லை, ஆயர் ஈத்தாமில் எங்களைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகள்தான் அடிவானத்தை மறைக்கின்றன. பாலிக் பூலாவ் பக்கமோ தெலுக் பஹாங் கடற்கரையோ, இருட்டியபின் குழந்தையோடு நிற்க எது வசதி? கொசு எப்படி? சீனாவின் தியான்கோங் விண்வெளி நிலையம் வரும் நேரத்தை எந்தச் செயலி சரியாகக் காட்டுகிறது? அப்புறம், விடியலுக்கு முன் கடக்கும் நாள்களில் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எழுந்தார்களா, அழுதார்களா?